அப்புக்காத்து அரசியல்

ஜீ. ஜீ. பொன்னம்பலம் என்ற பெயரை இன்றும் ஒரு பெருமூச்சோடு உச்சரிப்போர் யாழ்ப்பாணக் குடாநாட்டில் உளர். அவருடைய ஆங்கிலத்தின் மிடுக்கையும், குறுக்கு விசாரணையின் கூர்மையையும், உடையின் நேர்த்தியையும் வாயூறச் சொல்லுவார்கள். சோல்பரி ஆணைக்குழுவின் முன் அவர் நின்று வாதாடிய கதை, தந்தை மகனுக்குச் சொல்லும் புராணமாகவே ஆகிவிட்டது. அவர் 1977இல் மறைந்தார், புராணம் மறையவில்லை. தலைவர் பஞ்சம் ஏற்படும்போதெல்லாம் அது தூசு தட்டி எடுக்கப்படுகின்றது. அவரைப்போல் வாதாட ஒருவர் இருந்திருந்தால் நமக்கு இக்கதி வந்திருக்குமா என்று அங்கலாய்க்கின்றனர்.

வாதாடத் தெரிந்தவர் என்பதில் நமக்கும் ஐயமில்லை. அந்தத் திறமையை மறுப்பது சிறுபிள்ளைத்தனம். நமது வழக்கு அத்திறமையின் மீதே தொடுக்கப்படுகின்றது. ஒரு மக்கட் கூட்டத்தின் வாழ்வை நீதிமன்ற வழக்காக மாற்றி, அம்மக்களை வாய் பேசாத கட்சிக்காரராக வெளித் திண்ணையில் குந்தவைத்துவிட்டு, தான் மட்டும் உள்ளே சென்று பேசும் அரசியலை அவர் வளர்த்தார். தமிழில் ‘கட்சிக்காரன்’ என்ற ஒரே சொல் வழக்குக் கொடுப்பவனையும் குறிக்கிறது, அரசியல் கட்சியைச் சேர்ந்தவனையும் குறிக்கிறது. யாழ்ப்பாணத்து அரசியலில் இவ்விரு பொருளுக்கும் நெடுங்காலம் வேறுபாடே இருந்ததில்லை. அப்புக்காத்து பேசுவார், கட்சிக்காரன் தலையாட்டுவான். வழக்குத் தோற்றால் அப்புக்காத்துக்கு நட்டமில்லை. சமாதானமாகப் போவது நல்லதென்று அவருக்குத் தோன்றினால், உள்ளே பேசி முடித்துவிட்டு வெளியே வந்து அறிவிப்பார். 1948இல் நடந்தது அதுவே. ஆனால் அன்று விட்டுக்கொடுக்கப்பட்டது அவருடைய உடைமையன்று. அவரைத் தேர்ந்தனுப்பிய யாழ்ப்பாணத்தானின் உடைமையுமன்று. தேயிலைத் தோட்டத்தில் கூடை சுமந்தவளின் பிரசாவுரிமை அது.

இந்த அரசியலுக்கு முன்பு யாழ்ப்பாணத்தில் வேறொரு அரசியல் இருந்தது என்பதை இன்றைய மாணவரிற் பலர் அறியார். 1924இல் மாணவர் காங்கிரஸாகத் தோன்றிப் பின்னர் வாலிபர் காங்கிரஸ் என்று பெயர் கொண்ட இயக்கத்தை நினைத்துப் பாருங்கள். ஹண்டி பேரின்பநாயகம் போன்ற ஆசிரியர்கள் அதன் முதுகெலும்பு. 1927இல் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு அழைத்தவர்கள் அவர்கள். தீண்டாமை ஒழிய வேண்டும், தாய்மொழியிற் கல்வி வேண்டும், இலங்கை முழுவதற்கும் பூரண சுயராச்சியம் வேண்டும் என்று முழங்கினார்கள். டொனமூர் திட்டம் சுயராச்சியத்தைத் தரவில்லை என்று கூறி 1931ஆம் ஆண்டுத் தேர்தலைப் பகிஷ்கரிக்கும்படி கேட்டார்கள். குடாநாட்டின் நான்கு தொகுதிகளிலும் நியமனப் பத்திரம் கொடுக்க ஒருவரும் முன்வரவில்லை. அந்தப் பகிஷ்காரம் புத்திசாலித்தனமானதா என்பது வேறு கேள்வி. தெற்கிலே எவரும் அதைப் பின்பற்றவில்லை. ஆயினும் அன்று யாழ்ப்பாணம் தனக்கென ஒன்றும் கேட்கவில்லை, நாடு முழுவதற்குமாகக் கேட்டது என்பதை மறத்தலாகாது.

கேம்பிரிட்ஜில் விஞ்ஞானம் கற்று நியாயவாதியாகத் திரும்பிய பொன்னம்பலம் அத்தேர்தலில் மன்னார் - முல்லைத்தீவுத் தொகுதியிற் போட்டியிட்டுத் தோற்றார். பகிஷ்காரம் தளர்ந்து 1934இல் உபதேர்தல் வந்தபோது பருத்தித்துறை அவரை அரசாங்க சபைக்கு அனுப்பியது.

அவர் கையில் எடுத்தது பொய்ப் பயமன்று. 1936இல் அமைந்த மந்திரிசபையில் எழுவரும் சிங்களவராக இருக்குமாறு திட்டமிட்டுக் காரியம் பார்க்கப்பட்டது. சிறுபான்மையோரின் நெஞ்சு துணுக்குற்றதில் வியப்பில்லை. ஆனால் அச்சத்தைக் கொண்டு அரசியல் நடத்த இரு வழிகள் உண்டு. அஞ்சுகின்றவர்களையெல்லாம் ஒன்று திரட்டி, எதிர்த்தரப்பிலுள்ள ஏழைகளையும் நாடிச் செல்வது ஒரு வழி. அச்சத்தையே முதலாகப் போட்டு வியாபாரம் பண்ணுவது மற்றது. 1939இல் நாவலப்பிட்டியில் பொன்னம்பலம் சிங்கள மக்களின் வரலாற்றையும் வமிசத்தையும் தாக்கிப் பேசிய பேச்சு இரண்டாவது வழியைச் சேர்ந்தது. அதன்பின் கலகம் மூண்டது. சிங்கள மகாசபை அங்கே கிளை திறந்தது. பேசியவர் வீடு திரும்பினார். தோட்டப் பகுதியிலே சிங்களக் கிராமங்களுக்கு நடுவில் லயங்களில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர் அங்கேயே இருந்தார்கள்.

அடுத்து வந்தது ஐம்பதுக்கு ஐம்பது. சட்டசபை ஆசனங்களிற் பாதி சிங்களவருக்கு, மறுபாதி ஏனைய சிறுபான்மையோர் எல்லாருக்கும் என்பது கோரிக்கை. இந்தக் கணக்கைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 1946ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி இலங்கைத் தமிழர் 7,33,731 பேர். இந்தியத் தமிழர் என்று பதியப்பட்ட மலைநாட்டு மக்கள் 7,80,589 பேர். அதாவது தோட்டத் தொழிலாளரும் அவரைச் சார்ந்தோருமே பெருந்தொகையினர். சிங்களவரல்லாதார் அனைவரையும் கூட்டினாலும் அதில் மூன்றிலொரு பங்குக்கு மேல் இம்மக்களே. இவர்களை எடுத்துவிட்டால் ஐம்பது என்ற எண்ணை வாயில் வைக்கவே முடியாது. ஆகவே ஆணைக்குழுவின் முன் கணக்குக் காட்டியபோது தோட்டத் தொழிலாளி தமிழன், ஒரு தலை, ஒரு எண். வழக்குக்கு அவன் வேண்டியிருந்தது.

அதே ஆணைக்குழுவின் முன் சிறுபான்மைத் தமிழர் மகாசபையும் தன் குறைகளை வைத்தது. கிணற்றில் நீர் அள்ள முடியாதவரும், தேநீர்க் கடையுள் நுழைய முடியாதவரும், கோயில் வாசலில் நின்றே கும்பிட்டவருமான தமிழரின் சபை அது. அவர்கள் முறையீட்டின் எதிராளி சிங்களவர் அல்லர். கொழும்பில் சமபலம் கேட்ட சமூகம், தன் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சமாசனம் கொடுக்க மறுத்தது. சமாசனம் கொடுத்த பள்ளிக்கூடங்களுக்கு எதிராகக் கொதித்தெழுந்தது. இது ஐம்பதுக்கு ஐம்பது கோரிக்கைக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று கூறுவோரிடம் ஒன்று கேட்கிறோம். ஒரு தலைவரின் கணக்கில் தன் அயல் வீட்டுக்காரனே மனிதனாகச் சேராவிட்டால், நூறு மைலுக்கு அப்பாலுள்ள தோட்டத்து மனிதன் எவ்வளவு காலம் சேர்ந்திருப்பான்?

சோல்பரி ஆணைக்குழு ஐம்பதுக்கு ஐம்பதை ஏற்கவில்லை. வழக்குத் தோற்றது. ஆயினும் அப்புக்காத்தின் புகழ் ஏறியது! 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. யாழ்ப்பாணத் தொகுதியில் அருணாசலம் மகாதேவாவைப் பொன்னம்பலம் பெரும் வித்தியாசத்திற் தோற்கடித்தார். மகாதேவா செய்த குற்றம் என்ன? டீ. எஸ். சேனநாயக்காவோடு ஒத்துழைத்து மந்திரியாக இருந்தார் என்பதே. அக்குற்றத்துக்காகத் துரோகி எனப் பட்டம் சூட்டப்பட்டு அவர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். ஓராண்டு கழியுமுன் அவரைத் தோற்கடித்தவர் அதே சேனநாயக்காவின் மந்திரிசபையில் அமர்ந்தார். மகாதேவாவிடம் நமக்குப் பரிவில்லை. ஆனால் ஒரே செயல் ஒருவரிடம் துரோகமாகவும் மற்றவரிடம் ராஜதந்திரமாகவும் பெயர் பெறும் விந்தையை எந்த இலக்கண நூலும் விளக்காது.

1948ஆம் ஆண்டின் அந்த நான்கு மாதங்களை ஒவ்வொரு யாழ்ப்பாணத்து மாணவனும் நாட்குறிப்புப்போல் அறிந்திருக்க வேண்டும். ஆகஸ்டில் இலங்கைப் பிரசாவுரிமை மசோதா பாராளுமன்றத்துக்கு வந்தது. தந்தை இலங்கையிற் பிறந்திருக்க வேண்டும், அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்திருக்க வேண்டும். அதற்கு அத்தாட்சி வேண்டும் என்பது சட்டம். லயத்துக்குள் பிறந்து லயத்துக்குள் மடிந்தவன் எந்தக் கந்தோரில் போய்ப் பாட்டனின் பிறப்புப் பத்திரம் கேட்பான்? யாழ்ப்பாணத்திலும் அன்று எத்தனை வீட்டில் அது இருந்தது? ஆனால் இங்கே எவரும் கேட்கவில்லை. 53க்கு 35 என்ற வாக்கில் இரண்டாம் வாசிப்பு நிறைவேறியது. எதிர்த்த 35 பேரில் பொன்னம்பலமும் ஒருவர். என். எம். பெரேரா, கொல்வின் ஆர். டி சில்வா, பீற்றர் கெனமன் முதலிய இடதுசாரிகளும் எதிர்த்தனர்.

ஒரு மாதமும் ஆகவில்லை. செப்டெம்பரில் பொன்னம்பலம் கைத்தொழில், கைத்தொழில் ஆராய்ச்சி, கடற்றொழில் மந்திரியாகச் சத்தியப் பிரமாணம் செய்தார். டிசம்பரில் இந்திய - பாக்கிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமை மசோதா வந்தது. இம்முறை அவர் கை ஆதரித்து உயர்ந்தது. மந்திரிசபையில் இருந்த மற்றொரு தமிழரான சி. சுந்தரலிங்கம் அவ்வாக்கெடுப்பிலிருந்து விலகி நின்று, அதன் விளைவாகப் பதவியையும் துறந்தார். சுந்தரலிங்கத்தை நாம் வீரராக்க வரவில்லை. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் தாழ்த்தப்பட்டோரை உள்ளே விடாது தடுத்து நின்றவர் அவரே. அப்பேர்ப்பட்டவருக்கும் அன்று ஒரு நாள் கூசியது. பொன்னம்பலத்துக்குக் கூசவில்லை. 1949இல் தேர்தற் திருத்தச் சட்டம் வந்து, பிரசையல்லாதவனுக்கு வாக்கில்லை என்று கணக்கை முடித்தது. அப்போதும் அவர் மந்திரி.

ஆசிரிய நண்பர் சிலர் குறுக்கிடுவார்கள்: “அவர் முதற் சட்டத்தை எதிர்த்தாரே! இரண்டாவது சட்டம் பிரசாவுரிமை பெற ஒரு வழி திறந்தது. வழியே இல்லாதிருப்பதிலும் அது மேலல்லவா?” வழி எப்படிப்பட்டது என்று பார்ப்போம். மணமானவருக்கு ஏழாண்டு, மணமாகாதவருக்குப் பத்தாண்டு, 1946க்கு முன் இடையறாது இங்கு வசித்ததை நிரூபிக்க வேண்டும். வருமானம் காட்ட வேண்டும். ஊருக்குப் போய்வந்த ஒரு பயணம் இடையறவாகிவிடும். எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் குவிந்தன. ஆண்டுக்கணக்காக ஆராய்ந்த பின் ஏறக்குறைய 1,34,000 பேரே ஏற்கப்பட்டனர். ஆறு பேரில் ஒருவன் கடந்து செல்லக்கூடிய வாசலை வழியென்று சொல்லலாம். மற்ற ஐவரும் மோதி விழும் சுவர் என்றும் சொல்லலாம். இச்சட்டங்களை எதிர்த்து இலண்டன் பிரிவி கவுன்சில் வரை வழக்குச் சென்று, 1953இல் அதுவும் தோற்றது. சட்டப் புத்தகத்தை நம்பியோருக்குச் சட்டப் புத்தகம் சொன்ன பதில் அது.

அடுத்த வாதம் சீமெந்து. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை, பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை, வாழைச்சேனைக் காகித ஆலை ஆகியவற்றின் பெயரோடு பொன்னம்பலத்தின் பெயரும் பிணைக்கப்பட்டிருக்கிறது. மந்திரியாக இராவிட்டால் இவை வந்திருக்குமா என்கிறார்கள். நன்று. தொழிற்சாலையை நாம் பழிக்கமாட்டோம். தொழிலாளி வர்க்கத்தின் பக்கம் நிற்போர் புகைபோக்கியைக் கண்டு முகஞ்சுளிப்பதில்லை. காங்கேசன்துறையில் எத்தனையோ குடும்பங்கள் அதனாற் சோறுண்டன. ஆனால் விலையைச் சொல்லுங்கள். தேயிலை ஏற்றுமதியில் வந்த பணத்தில் நடந்தது அந்த அரசாங்கம். அந்தத் தேயிலையைக் கொய்தவளின் உரிமையைப் பறிக்கக் கை தூக்கிய மந்திரி, அவள் உழைப்பில் வந்த பணத்தில் தன் பிரதேசத்துக்கு ஆலை கொணர்ந்ததை எந்த அறநூலின் கீழ்ப் பெருமைப்படுவது? யுத்தத்தின் நடுவே 1990இல் அந்தச் சீமெந்து ஆலையும் நின்றுபோயிற்று. பறிபோன வாக்குரிமை அதற்கும் பின்னரே முழுமையாகத் திரும்பியது.

பறித்தவர்களின் நோக்கத்தையும் மறைக்க வேண்டாம். 1947இல் தோட்டத் தொழிலாளர் தம் காங்கிரஸின் பிரதிநிதிகளை அனுப்பினர். மலைநாட்டின் வேறு தொகுதிகளில் அவர்களுடைய வாக்கு இடதுசாரிகளின் பக்கம் விழுந்தது. சேனநாயக்காவுக்கு அங்கே தெரிந்தது தமிழன் மட்டுமல்லன். சங்கம் அமைத்த தொழிலாளி. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் மலைநாட்டிலிருந்து அம்மக்களின் பிரதிநிதி ஒருவர்கூட வரவில்லை. ஆசனங்கள் பகிரப்பட்டபோது மட்டும் அவர்களுடைய தலைகள் எண்ணப்பட்டன; வாக்கு அவர்களுக்கில்லை; அவ்வாசனங்களின் பயன் அயற்சிங்கள வாக்காளருக்குச் சேர்ந்தது. சிறுபான்மைக்குச் சரிபாதி கேட்டுப் புறப்பட்டவர், பெரும்பான்மை தன் விகிதத்திலும் கூடுதலான ஆசனம் பெறுதற்குத் துணைநின்று முடித்தார். கணக்கறிந்த கேம்பிரிட்ஜ்க்காரருக்கு இது தெரியாதிருந்ததென்று நம்புவது கடினம்.

இனி, நம் பக்கம் திரும்புவோம். பொன்னம்பலம் ஒருவர் கை தூக்கினார். யாழ்ப்பாணம் ஏன் அவர் கையைப் பிடித்து இழுக்கவில்லை? 1949 டிசம்பரில் செல்வநாயகமும் வன்னியசிங்கமும் நாகநாதனும் பிரிந்து தமிழரசுக் கட்சியை நிறுவினார்கள். இன்று இவர்களுக்கு நேர்ந்தது நாளை நமக்கும் நேரும் என்று செல்வநாயகம் எச்சரித்தார். அது வரலாற்றிலே நிலைத்துவிட்ட எச்சரிக்கை. ஆனால் 1952இல் யாழ்ப்பாணத் தொகுதி பொன்னம்பலத்தையே மீண்டும் தேர்ந்தது. தமிழரசுக் கட்சிக்குக் கிடைத்தவை இரண்டு ஆசனங்கள். செல்வநாயகமே காங்கேசன்துறையில் தோற்றார். 1956இல் சிங்களம் மட்டும் என்ற சத்தம் உத்தியோகத்தின் அடிமடியில் கை வைத்தபோதுதான் காற்று மாறியது. தமிழ்க் காங்கிரஸ் பொன்னம்பலம் ஒருவரோடு சுருங்கியது. தமிழரசுக் கட்சி பத்து ஆசனம் பெற்றது. பல இலட்சம் பேரின் நாடு பறிபோனபோது அசையாத யாழ்ப்பாணம், கிளறிக்கல் சேவை பறிபோகும் என்றவுடன் எழுந்தது. கசப்பான கணக்கு, ஆனாலும் நமது கணக்கு.

அதற்குக் காரணம் நம் வீடுகளுக்குள் இருந்தது. தோட்டத்தில் யாழ்ப்பாணத்தான் கிளாக்கராகவும் கடைக்காரனாகவும் போனான். தொழிலாளி அவனுக்கு ‘தோட்டக்காட்டான்’. அத்தோட்டக்காட்டானின் சிறுபிள்ளைகளை வீட்டு வேலைக்குக் கொண்டுவந்து, அடுக்களை மூலையிற் படுக்கவைத்து, தன் பிள்ளைக்குப் பாலும் அப்பிள்ளைக்கு வடிகஞ்சியும் கொடுத்த நல்ல குடும்பங்கள் நம் ஊர்களில் இருந்தன. அந்தப் பிள்ளையின் தகப்பனுக்கு வாக்கில்லாமற் போனது அவ்வீட்டாருக்கு எப்படி வலிக்கும்? பொன்னம்பலம் அவ்வர்க்கத்தின் உள்ளத்தை நன்கு அறிந்திருந்தார். அவர்களிடம் அனுமதி கேட்கத் தேவையிருக்கவில்லை.

இடதுசாரிகளும் இக்கணக்கிலிருந்து தப்பலாகாது. 1948இல் எதிர்த்து முழங்கிய சமசமாஜக் கட்சி 1964 யூனில் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவின் அரசில் சேர்ந்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகியது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிகுதி 1,50,000 பேர் பின்னர் பார்த்துக்கொள்ளப்படும் என்று ஆட்டுப் பட்டியைப் பிரிப்பதுபோல் மனிதர் பிரிக்கப்பட்டனர். அம்மனிதர்களிடம் எவரும் கேட்கவில்லை. மந்திரி நாற்காலிக்கு முன் கொள்கை மெலிந்த கதையில் பொன்னம்பலம் தனியாக நிற்கவில்லை என்பதை நாம் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது?

பின் வந்த வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஒரு கொத்துக் கூப்பன் அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏறி, 1953 ஆகஸ்ட் 12ஆம் திகதி ஹர்த்தால் வெடித்தபோது அவர் அந்த மந்திரிசபையிலேயே இருந்தார். அவ்வாண்டு ஒக்டோபரில் புதிய பிரதமர் கொத்தலாவலை அவரை வெளியே விட்டார்; தேவை முடிந்துவிட்டது. 1960இல் நடந்த இரு தேர்தல்களிலும் அல்பிரட் துரையப்பாவிடம் தோற்றார். 1965இல் யாழ்ப்பாணத்தை மீட்டு, மறுபடியும் ஐக்கிய தேசியக் கட்சி அரசுக்கே ஆதரவளித்தார். 1970இல் தமிழரசுக் கட்சியின் மார்ட்டினிடம் அத்தொகுதியை இழந்தார். 1976இல் அமிர்தலிங்கம் முதலியோர் மீதான ராஜத்துரோக வழக்கில் மீண்டும் அங்கி தரித்து நின்றார். அவர் உண்மையில் நிற்க வேண்டிய இடம் அதுவே; அங்கு அவரை மெச்சத் தடையில்லை.

இடையில் ஒரு செய்தி. எந்தப் பருத்தித்துறை 1934இல் பொன்னம்பலத்தை முதன்முதல் அனுப்பியதோ, அதே பருத்தித்துறை 1956இல் கம்யூனிஸ்டான பொன். கந்தையாவை அனுப்பியது. தனிச் சிங்கள மசோதாவை எதிர்த்து அவர் பாராளுமன்றத்தில் ஆற்றிய உரை, இன்றும் தேடிப் படிக்கத் தக்கது. வடக்கில் வேறொரு பாதை முளைவிட்டிருந்ததற்கு அது சாட்சி. பொன்னம்பலத்தின் வாதத்திறமையைப் பாராயணம் செய்வோரில் எத்தனை பேருக்குக் கந்தையாவின் பெயர் தெரியும்?

1972இல் தமிழர் கூட்டணி உருவானபோது தமிழரசுக் கட்சியும் தமிழ்க் காங்கிரஸும் தொண்டமானின் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸும் ஒரே மேசையில் அமர்ந்தன. கால் நூற்றாண்டுக்கு முன் எவருடைய பிரசாவுரிமையை எடுக்கக் கை உயர்ந்ததோ அவர்களின் தலைவரும், உயர்த்தியவரும் அருகருகே இருந்தார்கள். ஒற்றுமையின் பேரால் பழைய கணக்குப் புத்தகம் மூடப்பட்டது. தனிநாட்டுத் தீர்மானம் 1976இல் வட்டுக்கோட்டையில் நிறைவேறியபோது தொழிலாளர் காங்கிரஸ் அதில் ஒட்டாமல் விலகிக்கொண்டது. மலைநாட்டு மக்கள் மீண்டும் ஒருமுறை எண்ணிக்கைக்காக அழைக்கப்படுகிறார்கள் என்ற ஐயம் அவர்களுக்கு எழுந்திருந்தால் குறை சொல்ல நமக்கு வாயில்லை.

1977ஆம் ஆண்டுக் கலவரத்தில் அடிபட்டு வடக்கே வந்த தோட்டக் குடும்பங்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காடு வெட்டிக் குடியேறின. அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று நம் வகுப்பறைகளில் இருக்கிறார்கள். நாடற்றோராக எஞ்சியிருந்த இந்திய வம்சாவளியினருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. பொன்னம்பலம் மந்திரியாகிய ஆண்டில் லயத்திற் பிறந்த குழந்தைக்கு அப்போது வயது ஐம்பத்தைந்து. ஐம்பதுக்கு ஐம்பது பற்றிப் பாடம் நடத்தும் ஆசிரியர், அதே பாடத்தில் 1948 டிசம்பர் வாக்கெடுப்பையும் கரும்பலகையில் எழுதட்டும். அந்தப் பிள்ளைகளும் அங்கே வாங்கில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.